இரண்டே கோடுள்ள வெப்பமானி

யமஹாவின் ஒய்இசட்250 மோட்டோகிராஸ் பந்தயத்துக்கென்றே செய்யப்படும் டூ-ஸ்ட்ரோக் பைக். அதில் ஹெட்லைட் கிடையாது, இண்டிகேட்டர் கிடையாது, பேட்டரிகூடக் கிடையாது. அதன் கையேட்டைப் புரட்டினால் ஸ்பார்க் பிளக்குக்கு நேரே ‘பிஆர்8இஜி’ என்று ஒரு குறியீடு இருக்கும். 1936-ல் ஜப்பானின் நகோயா நகரில் தொடங்கிய என்ஜிகே நிறுவனம் தன் பிளக்குகளுக்குப் பெயர் வைக்கும் முறை அது. ‘பி’ என்றால் மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர். ‘ஆர்’ என்றால் உள்ளே ஒரு மின்தடை உண்டு. ‘இ’ என்றால் மரை ஓடும் நீளம் 19 மில்லிமீட்டர். ‘ஜி’ என்றால் நடு மின்முனை மெல்லிய நிக்கல் கம்பி. நடுவில் நிற்கும் 8 மட்டும் மில்லிமீட்டரும் இல்லை, ஓமும் இல்லை, டிகிரியும் இல்லை. தன்மேல் ஏறும் சூட்டை இந்தப் பிளக் எவ்வளவு விரைவாக இறக்கிவிடும் என்பதற்கான தர எண் அது.

இந்த ஓர் எண்ணைப் பற்றித்தான் டூ-ஸ்ட்ரோக் உலகத்தின் பாதி வாக்குவாதம். மீதிப் பாதி, கழற்றிய பிளக்கின் நிறத்தைப் பார்த்து இன்ஜினுக்குக் குறிசொல்வதில் கழியும். எந்தப் பிளக் போடுவது, போட்ட பிளக் என்ன சொல்கிறது என்ற இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாகவே பேசுகிறார்கள். கோளாறு அங்கேதான் ஆரம்பம். கார்புரேட்டரில் பெட்ரோல் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்று பிளக்குக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது தன் மூக்கில் ஏறிய சூடு. மற்றதெல்லாம் அந்தச் சூட்டின் தடயத்திலிருந்து நாம் செய்யும் ஊகம். பிளக்கை ஒரு வெப்பமானி என்று எடுத்துக்கொண்டால் அதில் இரண்டே கோடுகள். அந்தக் கோடுகளைப் பீங்கானில் எங்கே தேடுவது என்பதைத் தீர்மானிப்பது அந்த 8.

பிளக்கை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் விஷயம் எளிதாகிவிடும். நடுவே மேலிருந்து கீழ்வரை மின்முனை. அதைப் போர்த்திய வெள்ளைப் பீங்கான், பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. பீங்கானை இறுகப் பிடித்திருக்கும் எஃகு உடல், அதன் வெளியே மரை, நுனியில் வளைந்து நிற்கும் பக்க மின்முனை. சிலிண்டருக்குள் தலைநீட்டும் பீங்கான் நுனியை மூக்கு என்று சொல்வோம். இந்த மூக்கு எஃகு உடலைத் தொடாமல், சுற்றிலும் ஒரு வளைய இடைவெளி விட்டு நிற்கிறது. உள்ளே ஓர் ஆழத்தில்தான் பீங்கானும் எஃகும் சந்திக்கின்றன. நுனியில் ஏறும் சூடு அந்தச் சந்திப்பு வரை பீங்கானிலேயே நடந்து, பிறகு எஃகு, மரை, வாஷர் வழியாக சிலிண்டர் ஹெட்டுக்குப் போய், அங்கே ஓடும் தண்ணீரில் கரைய வேண்டும். மூக்கு நீளமாக இருந்தால் நடக்கும் தூரம் அதிகம், சூடு தேங்கும். அது ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சட்டென்று வெளியேறும். அது கோல்ட் பிளக். என்ஜிகே கணக்கில் எண் கூடக்கூடப் பிளக் குளிர்ச்சி. ஓர் எண் மாறினால் நுனியின் வெப்பம் 70 முதல் 100 டிகிரி வரை மாறும் என்பது அந்த நிறுவனமே தரும் கணக்கு.

வெப்பமானியின் கீழ்க்கோடு சுமார் 450 டிகிரி செல்சியஸ். மூக்கு அதற்குக் கீழே இருந்தால் அதன்மேல் படியும் கரி எரியாமல் அங்கேயே தங்கிவிடும். கரி அசிங்கமாக இருக்கிறது என்பது பிரச்சினை இல்லை, அது மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதுதான் பிரச்சினை. இரண்டு மின்முனைகளுக்கும் நடுவே உள்ள அரை மில்லிமீட்டர் சொச்சம் இடைவெளியைத் தாண்ட ஆயிரக்கணக்கான வோல்ட் சேர வேண்டும். பீங்கான்மேல் கரிப்பாதை இருந்தால் வோல்ட் சேரச் சேர அந்தப் பாதை வழியாகவே எஃகு உடலுக்குக் கசிந்துவிடும். பொறி வராது. கிக்கரை எத்தனை தரம் உதைத்தாலும் வராது. 450-ஐத் தாண்டி 500-ஐ நெருங்கினால் கரி தானாக எரிந்து பீங்கான் தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும்.

மேல்கோடு 850 டிகிரியை ஒட்டி. அதைத் தாண்டினால் மூக்கும் மின்முனையும் கனன்று, பொறி வரும் முன்பே கலவையைப் பற்றவைக்கும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடிப்பு அதைக் கீழே தள்ளப் பார்க்கும். சில விநாடிகளில் பிஸ்டன் தலையில் ஓட்டை விழலாம். சுத்தமான அலுமினியம் 660 டிகிரியில் உருகும், பிஸ்டன் செய்யும் கலப்புலோகம் அதற்கும் முன்பே இளகும். 800 டிகிரியில் நிற்கும் ஒரு பொருளுக்கு நேர் கீழே, ஒரு விரல்கூடத் தள்ளி இல்லாமல், 660-இல் உருகும் பொருள் மணிக்கணக்கில் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. பிஸ்டன் பிழைத்திருப்பது தன் சூட்டை வளையங்கள் வழியாக சிலிண்டர் சுவருக்கு ஓயாமல் கொடுத்துக்கொண்டே இருப்பதால்தான்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தை ஒதுக்கிவிடலாம். ஹாட் பிளக் போட்டால் இன்ஜின் சூடாகும், பவர் கூடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொறியின் சூட்டுக்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை. 7 போட்டாலும் 9 போட்டாலும் எரிவது அதே பெட்ரோல், பிறப்பது அதே சூடு. அந்தச் சூட்டில் எவ்வளவை மூக்கு தன்னிடம் வைத்துக்கொள்கிறது என்பது மட்டுமே மாறுகிறது.

கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே நானூறு டிகிரி இடம் இருக்கிறதே, அதற்குள் நிற்பது அவ்வளவு கஷ்டமா? காரில் கஷ்டமில்லை. டூ-ஸ்ட்ரோக் மண் பைக்கில் கஷ்டம். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு, நடுவில் மூக்குக்கு மூச்சுவிட நேரம் உண்டு. டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிப்பு. நிமிடத்துக்கு 9000 சுற்று ஓடினால் விநாடிக்கு 150 பொறி. மேல்கோட்டை நோக்கித் தள்ளும் விசை இது. கீழ்க்கோட்டை நோக்கி இழுப்பது ஆயில். டூ-ஸ்ட்ரோக்கின் கிராங்க் கேஸில் தனியாக ஆயில் தேங்கி நிற்பதில்லை, பெட்ரோலோடு கலந்தே உள்ளே போகிறது. 32-க்கு 1 என்று கலந்தால் ஒரு லிட்டருக்கு 31 மில்லி. பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு அந்த ஆயிலும் பிளக்கின் முன்னால் வந்துதான் எரிகிறது, அல்லது எரியாமல் ஒட்டிக்கொள்கிறது.

இதற்கு மேல் இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது சைலன்சர். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் தொழிற்சாலையில் வால்ட்டர் காடன் என்ற பொறியாளர் 1950-களில் புகைக்குழாயின் வடிவத்தோடு போராடிக்கொண்டிருந்தார். குழாய் நடுவில் பருத்து, பிறகு சுருங்கினால், வெளியேறிய புகையின் அழுத்த அலை சுருங்கும் இடத்தில் மோதித் திரும்பிவரும். அப்படித் திரும்பும் அலை, வெளியே வழிந்துவிட்ட புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் மறுபடி திணித்துவிடும். 1961-ல் அவருடைய பந்தய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தோடு கம்பிநீட்டி மேற்கே போனார். கையோடு அந்த ரகசியமும் ஜப்பானின் சுசூகிக்குப் போனது. மறு வருடமே சுசூகி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது, ஓட்டியவர் அதே டெக்னர். 1970-ல் ஜோயல் ராபர்ட் சுசூகியில் 250 சிசி மோட்டோகிராஸ் பட்டத்தை வென்றபோது மண் தடங்களுக்கும் ஜப்பான் வந்து சேர்ந்துவிட்டது. பனிப்போர்க் காலத்து உளவுக் கதைகளில் எனக்குப் பிடித்தது இதுதான். ஏவுகணையும் இல்லை, அணுவும் இல்லை, ஒரு பருத்த சைலன்சர்.

பிளக்குக்கு இதில் என்ன வேலை? அலை சரியான நேரத்தில் திரும்புவது குறிப்பிட்ட சுற்றுவேகத்தில் மட்டும். அந்த வேகத்துக்குக் கீழே சிலிண்டரில் பழைய புகையும் ஈர ஆயிலும் கலந்து மந்தமாக எரிகின்றன. அந்த வேகம் வந்ததும் கலவை திணிபட்டு அழுத்தமும் சூடும் ஒரேயடியாக எகிறும். ஒரே பைக்கில் இரண்டு இன்ஜின் இருப்பதாகவே பிளக்குக்குப் படும். செங்குத்துப் பாறையில் நடைவேகத்தில் ஊர்ந்து ஏறும்போது ஓர் இன்ஜின், நேர்த்தடத்தில் கதறும்போது வேறோர் இன்ஜின். இரண்டையும் ஒரே மூக்கு சமாளிக்க வேண்டும்.

அதனால் எண்ணைத் தேர்ந்தெடுப்பது இன்ஜினை மட்டும் பார்த்துச் செய்யும் வேலை அல்ல, ஓட்டும் விதத்தையும் பார்க்க வேண்டும். கம்பெனி சொன்ன எண்தான் தொடக்கப் புள்ளி. ஆழமான மணலில் முழு ஆக்ஸிலரேட்டரில் உழுதுகொண்டே போகிறவர் ஓர் எண் குளிர்ச்சியாகப் போகலாம். காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் கிளட்சைப் பிடித்துப் பிடித்து ஓட்டுபவருக்கு ஓர் எண் சூடாகத் தேவைப்படலாம். இரண்டு எண் தள்ளிப் போகவேண்டியிருந்தால் கோளாறு பிளக்கில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

கம்பெனி மாறினால் எண்ணின் திசையும் மாறும் என்பதைக் கவனிக்காமல் இன்ஜினைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. என்ஜிகே, டென்சோ இரண்டிலும் பெரிய எண் என்றால் குளிர்ச்சி. போஷ், சாம்பியன் இரண்டிலும் பெரிய எண் என்றால் சூடு. நம் ஊரில் மைக்கோ என்ற பெயரில் விற்றது போஷின் இந்தியக் கம்பெனிதான். அதன் பழைய பிளக்குகளில் 175, 225 என்று மூன்று இலக்க எண் இருக்கும். அந்தப் பழைய வரிசையில் பெரிய எண்தான் குளிர்ச்சி, இப்போதைய போஷ் வரிசைக்கு நேர் தலைகீழ்!

மற்ற எழுத்துகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மரை நீளம் தப்பினால் பேச்சே இல்லை. நீளம் கூடினால் பிஸ்டன் வந்து இடிக்கலாம், இடிக்காவிட்டாலும் உள்ளே நீட்டிய மரை கனன்று மேல்கோட்டைத் தாண்டும். ‘ஆர்’ இருக்கும் இடத்தில் ‘ஆர்’ இல்லாததைப் போடக் கூடாது. எந்தப் பொறியும் ஒரு சிறிய வானொலி நிலையம், மார்க்கோனி முதலில் செய்தி அனுப்பியதே பொறியை வைத்துத்தான். சுமார் 5000 ஓம் மின்தடை அந்த இரைச்சலை அடக்காவிட்டால் பக்கத்திலிருக்கும் மின்னணுப் பெட்டி குழம்பிப்போகும். ‘ஜி’ போன்ற மெல்லிய மின்முனைகளுக்குக் காரணம் அழகு அல்ல. கூர்மையான முனையில் மின்புலம் குவியும், குறைந்த வோல்ட்டிலேயே பொறி தாவும். ஆயிலில் நனைந்து வோல்ட் கசியும் டூ-ஸ்ட்ரோக்குக்கு அது பெரிய ஆதாயம். நிக்கலை இன்னும் மெல்லிதாக்கினால் அரித்துப்போகும் என்பதால் 2400 டிகிரிக்கு மேல் உருகும் இரிடியத்தில் 0.6 மில்லிமீட்டர், 0.4 மில்லிமீட்டர் அளவுக்குக் கம்பி செய்கிறார்கள். நல்ல பிளக்தான். ஆனால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையான ஜெட்டைச் சரிசெய்யாத பைக்கில் போட்டால் விலை கூடிய கரிக்கட்டைதான் மிஞ்சும்.

மாட்டுவதிலும் ஒரு நுணுக்கம். புதுப் பிளக்கைக் கையால் திருகி வாஷர் தொட்டதும், ஸ்பேனரால் அரைச் சுற்று. அப்போதுதான் வாஷர் நசுங்கி ஹெட்டோடு ஒட்டும். சூடு வெளியேறும் வழியே அதுதான். தளர்வாக விட்ட 9, சரியாக இறுக்கிய 8-ஐவிடச் சூடாக ஓடக்கூடும்.

இனி படிப்பதற்கு வருவோம். ஆர்எக்ஸ்100 காலத்திலிருந்து நம் ஊர் மெக்கானிக்குகள் சொல்லிவரும் பாடம்தான் உலகம் முழுக்கவும்: மூக்கு பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் சரி, கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. இந்தப் பாடத்தின் காலம் பாதி முடிந்துவிட்டது. அந்தக் காப்பி நிறத்தில் ஈயத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இன்ஜின் இடிக்காமல் இருப்பதற்காகப் பெட்ரோலில் கலந்த டெட்ராஎத்தில் லெட் எரிந்து பீங்கான்மேல் பழுப்பாகப் படிந்தது. அமெரிக்கா 1996-லும் இந்தியா 2000-லும் சாலை வாகனப் பெட்ரோலிலிருந்து ஈயத்தை விலக்கிவிட்டன. இன்றைய பெட்ரோலில் சரியான கலவை ஓடினால் மூக்கின் நுனி ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கக்கூடும். டூ-ஸ்ட்ரோக்கில் இன்று தெரியும் பழுப்பு முக்கால்வாசி ஆயிலுடையது, ஆயில் மாறினால் பழுப்பும் மாறும். பழைய பாடத்தை நம்பிக் காப்பி நிறம் வரும்வரை பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போனால் பைக் இருமிக்கொண்டே ஓடும்.

நிறம் என்ன என்பதைவிட நிறம் எங்கே மாறுகிறது என்று கேட்பதே பயன் தரும். இரண்டு கோட்டு வெப்பமானி இங்கேதான் அழகாக வேலை செய்கிறது. மூக்கின் எல்லா இடமும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. நுனி கொதிக்கும், உள்ளே எஃகைத் தொடும் அடிப்பகுதி எப்போதும் குளிர்ச்சி. ஆகவே நுனி 450-ஐத் தாண்டி வெள்ளையாகத் துடைத்துக்கொள்ளும் வேளையில், அடியில் கரி தங்கியிருக்கும். வெள்ளை முடிந்து கறுப்பு தொடங்கும் எல்லை, ஏறத்தாழ கீழ்க்கோடே பீங்கான்மேல் வரைந்துவைத்த கோடு. பீங்கானும் எஃகும் சேரும் ஆழத்தில் மெல்லிய கரிவளையமாக அது தெரிந்தால், முழு ஆக்ஸிலரேட்டரில் கலவை பரவாயில்லை. வளையமே இல்லாவிட்டால் பெட்ரோல் குறைவு. வளையம் தடித்து மேலே ஏறிவந்தால் பெட்ரோல் அதிகம். இதை வெறுங்கண்ணால் பார்ப்பது சிரமம். மருத்துவர் காதுக்குள் பார்க்கும் விளக்குக் கண்ணாடியை வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு, பிளக்கின் எஃகை லேத்தில் அறுத்தெடுத்துப் பார்ப்பவர்களும் உண்டு.

இப்போது 8-ஐ எடுத்துவிட்டு 9 போட்டால் என்னாகும்? கலவை மாறவில்லை, ஜெட் மாறவில்லை. ஆனால் மூக்கு முழுவதும் குளிர்ந்துவிட்டதால் 450 டிகிரிக் கோடு நுனியை நோக்கி நகரும், கரியும் கூடவே ஏறும். பார்ப்பவர் பெட்ரோல் அதிகம் என்று முடிவுகட்டி ஜெட்டைச் சிறிதாக்குவார். சரியாக ஓடிய இன்ஜின் அன்றே ஜாம் ஆகலாம். தேர்வும் வாசிப்பும் ஒரே கேள்வி என்று முதலில் சொன்னது இதனால்தான்.

பக்க மின்முனையும் இதே போல எழுதிவைக்கிறது. அது எஃகு உடலில் ஒரு முனையில் மட்டும் ஒட்டியிருப்பதால் அடி குளிர்ச்சி, நுனி சூடு. ஓடிய பிளக்கில் நுனியிலிருந்து ஓரிடம் வரை உலோகம் நிறம் மாறியிருக்கும். அந்த எல்லை வளைவின் அருகே நின்றால் பிளக்கின் எண் பொருந்துகிறது என்பது பந்தய மெக்கானிக்குகளின் கணக்கு. அடிவரை நீலம் பாய்ந்திருந்தால் சூடு மிஞ்சிவிட்டது. நுனியோடு நின்றுவிட்டால் பிளக் தேவைக்கு மேல் குளிர்ச்சி.

இவையெல்லாம் எந்த நேரத்துச் செய்தி என்பதும் தெரிய வேண்டும். தடத்தில் அரை மணி ஓட்டிவிட்டு, மெதுவாகக் கூடாரத்துக்கு உருட்டிக்கொண்டு வந்து, ஒரு நிமிடம் ஐடிலில் நிறுத்திப் பேசிவிட்டுக் கழற்றிய பிளக், கடைசி ஒரு நிமிடத்தைப் பற்றி மட்டும்தான் உறுதியாகப் பேசும். மெயின் ஜெட்டைச் சோதிக்க வேண்டுமானால் இன்ஜினைச் சூடாக்கிவிட்டு, புதுப் பிளக் மாட்டி, நேரான தடத்தில் மேல் கியரில் முழு ஆக்ஸிலரேட்டரில் இழுக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை விடாமலேயே கிளட்சை அழுத்தி, அதே கணத்தில் கில் ஸ்விட்சையும் அழுத்த வேண்டும். பிறகு உருண்டுவந்து நின்ற இடத்திலேயே கழற்ற வேண்டும். ஒரே ஓட்டத்தில் நிறம் ஊறாது, சில தடவை இழுத்தால்தான் வளையம் தெரியும். பைலட் ஜெட்டும் நீடிலும் ஆக்ஸிலரேட்டரின் வேறு பகுதிகளுக்குப் பொறுப்பு என்பதால் அவற்றைச் சோதிக்க அந்தந்தத் திறப்பில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் தேசிய மோட்டோகிராஸ் தொடரில் சவுத்விக், தண்டர் வேலி என்று இரண்டு தடங்கள் உண்டு. மாசசூசெட்ஸில் உள்ள சவுத்விக் கடல்மட்டத்தை ஒட்டிய மணல் தடம். மணல் சக்கரத்தைப் பிடித்திழுப்பதால் இன்ஜின் முழுப் பாரத்தோடு நெடுநேரம் திறந்தே ஓடும். மெக்கானிக் பெரிய மெயின் ஜெட்டைத் தேடுவார். கொலராடோவின் தண்டர் வேலியோ 6000 அடிக்கு மேலே. காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு உயரம் தெரியாது, காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோலை அது குறைப்பதில்லை. சவுத்விக்கில் அழகான வளையம் காட்டிய அதே ஜெட், அங்கே பிளக்கைக் கரியாக்கும். உயரம்கூட வேண்டாம், காலை 10 டிகிரியில் சரியாக இருந்த காற்று மதியம் 30 டிகிரியானால் 7 சதவீதம் அடர்த்தி இழந்துவிடும். குளிர்காலத்தில் இது தலைகீழ். அடர்ந்த காற்று வரும், பெட்ரோல் போதாது, பிளக் வெளுக்கும். பயப்பட வேண்டியது அப்போதுதான், ஏனெனில் டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் அதோடு வரும் ஆயிலும் குறையும்.

ஆயில் கணக்கில் பலரை ஏமாற்றும் ஒரு முரண் உண்டு. பிளக் கறுக்கிறதே என்று ஆயிலை 32-க்கு 1-லிருந்து 50-க்கு 1 ஆகக் குறைப்பார்கள். ஜெட் ஓட்டைக்கு எது பெட்ரோல், எது ஆயில் என்ற பேதம் கிடையாது, அதற்கு இரண்டும் திரவம். ஆயில் குறைந்தால் அந்த இடத்தில் பெட்ரோல் போகும், கலவை கொஞ்சம் கூடுதல் பெட்ரோலாகும். சரியான ஜெட்டுடன் 32-க்கு 1 ஓடும் பைக்கில் பிளக் பெரும்பாலும் கறுப்பதில்லை. கறுத்தால் முதலில் பார்க்க வேண்டியது பைலட் ஜெட்டை, பிறகு ஏர் ஃபில்டரை. ஹாட் பிளக் போட்டுக் கரியை எரித்துவிடலாம் என்பது அதைவிட மோசமான குறுக்குவழி. மெதுவாக ஓட்டும்வரை அது வேலை செய்யும். ஒருநாள் நீண்ட நேர்த்தடம் கிடைத்து முழுக்கத் திறந்தால் மூக்கு மேல்கோட்டைத் தாண்டிவிடும்.

ஜெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத செய்திகளையும் பிளக் கொண்டுவரும். டூ-ஸ்ட்ரோக்கின் கிராங்க் கேஸ் காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும். மேக்னெட் பக்கத்து சீல் தேய்ந்தால் அங்கே வெறும் காற்று உள்ளே இழுபடும். நேற்றுவரை சரியாக இருந்த பிளக் திடீரென்று வெளுக்கும், ஐடிலும் தானாக ஏறும். பெரிய ஜெட் போட்டால் பிளக் தேறியதுபோல் காட்டும், சீல் கிழிந்துகொண்டே போகும். கிளட்ச் பக்கத்து சீல் தேய்ந்தாலோ கியர் ஆயில் உள்ளே வரும். பிளக் ஈரக் கறுப்பாகும், வெண்புகை அள்ளும், கியர் பாக்ஸில் ஆயில் மட்டம் இறங்கும். ஹெட் கேஸ்கெட் விட்டால் உள்ளே கசியும் தண்ணீர் ஆவியாகி, மூக்கைப் புதுப்பிளக் போலக் கழுவிவைக்கும். ஓடிய பிளக் சந்தேகப்படும் அளவுக்குச் சுத்தமாக இருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது. எல்லாவற்றிலும் மோசமான அறிகுறி, வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போன்ற கறுப்புப் புள்ளிகளும் அவற்றினூடே மின்னும் வெள்ளித் துகள்களும். அந்த வெள்ளி பிஸ்டனின் அலுமினியம். அதைப் பார்த்த பிறகு இன்னொரு சுற்று ஓட்டிப் பார்ப்போம் என்று நினைக்கக் கூடாது.

கரி பிடித்த பிளக்கை உப்புத்தாளில் தேய்த்து மறுபடி மாட்டுவது நம் ஊர்ப் பழக்கம். மின்முனையைத் தேய்ப்பதில் பெரிய பாவமில்லை. பீங்கானைத் தேய்த்தால் வழவழப்புப் போய்க் கரி இன்னும் சுலபமாகப் பிடிக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் உலோகக் கீற்று பீங்கான்மேல் ஒட்டி, வோல்ட் கசிய நிரந்தரப் பாதை போட்டுவிடும். அவசரத்துக்கு வீடு வந்துசேரலாம், அந்தப் பிளக்கை வைத்து ஜெட் பார்க்க முடியாது.

2018 மாடல் 250, 300 சிசி எண்டூரோ பைக்குகளில் கேடிஎம் கார்புரேட்டரை எடுத்துவிட்டது. சிலிண்டரின் பக்கவாட்டு வழிகளில் இரண்டு இன்ஜெக்டர், ஆயிலுக்குத் தனி பம்ப், காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் அளக்க சென்சார்கள். கடற்கரையிலிருந்து மலையுச்சிக்கு ஓட்டினால் பெட்ரோல் தானாகக் குறையும். ஒய்இசட்250 பைக்கோ இன்றும் கெய்ஹின் கார்புரேட்டரோடுதான் விற்கிறது, அதை வைத்திருப்பவர்களுக்குப் பழைய வேலையெல்லாம் பாக்கி. ஆனால் கேடிஎம் வைத்திருப்பவரும் பிளக் ஸ்பேனரைத் தூக்கிப்போட்டுவிட முடியாது. வெளியேறும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும் சென்சார் அந்த பைக்கில் இல்லை. மேக்னெட் பக்கத்து சீல் கசிந்து கூடுதல் காற்று நுழைந்தால் கணினிக்கு அது தெரியவராது, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.